அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆரம்பப் பிரிவில் பிள்ளை படிக்கும் உம்மா வாப்பாமார் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோசப்படுவேன். இப்போது வேலையாக இருந்தால் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளை நேரம் ஒரு உம்மா என்னைத் தேடி வகுப்புக்கு வந்தார். அவரின் மகன் தரம் 4 இல் என்னிடம் படிக்கிறான். முகம் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

"ரீச்சர், குறை நினைக்க வேணாம். அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப். மத்த வகுப்புப் பிள்ளையள் இப்பவே பாஸ்ட் பேப்பர் செய்யிதுகள். என்ட மகன் ஊட்ட வந்து ஈக்கில் கட்டு கட்டிக்கிட்டு இருக்கான். நாலாம் வகுப்புல என்னத்துக்கு ரீச்சர் ஈக்கில்?"

நியாயமான கேள்விதான். ஈர்க்கில் கட்டுவது தரம் 1, 2 பிள்ளைகளின் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பதில் சொல்லாமல் அவரின் மகனுடைய கொப்பியை எடுத்து விரித்துக் காட்டினேன். கணக்கு இதுதான்: 402 இலிருந்து 178 ஐக் கழிக்க. மகன் எழுதிய விடை 376.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுல என்ன பிழை ரீச்சர்? நாலுல ஒண்டு போனா மூணு. பூச்சியமும் ஏழும், ஏழு. எட்டுல ரெண்டு போனா ஆறு. சரிதானே?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஏனென்றால் அந்த உம்மாவுக்குத் தரம் 4 இல் கணிதம் படிப்பித்ததும் நான்தான்.

அப்போது நான் நியமனம் கிடைத்து வந்த புதுசு. வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். கழித்தலை நான் எப்படிப் படிப்பித்தேன் தெரியுமா? "மேல இருக்கிறது காணாட்டி பக்கத்து வீட்டுல கடன் வாங்கு. பக்கத்து வீடு பூச்சியமா இருந்தா அதுக்கு அடுத்த வீட்டுக்குப் போ. பூச்சியத்த வெட்டி ஒன்பது போடு." பிள்ளைகள் பாட்டுப் போல் பாடமாக்கினார்கள். தவணைப் பரீட்சையில் சரியாகத்தான் செய்தார்கள். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அந்த ஒன்பது எங்க இருந்து வந்த?" என்று கேட்டது. "அது அப்பிடித்தான், சொன்னதச் செய்" என்றேன். அந்தப் பிள்ளையை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

இப்போது என் முன்னால் நிற்கும் இந்த மகள் அந்தக் காலத்தில் சத்தம் போடாத, அழகாக எழுதும் பிள்ளை. எழுபதுக்குக் குறையாமல் எடுப்பாள். அவளைப் பற்றி எனக்கு ஒருநாளும் கவலை வந்ததில்லை. பாட்டு மறந்த பிறகு அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"இருங்க மகள்" என்று பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருக்கச் சொல்லி, ஈர்க்கில் பெட்டியை எடுத்தேன்.

எங்கள் வகுப்பில் பத்து ஈர்க்கிலை ஒரு றப்பர் பேண்டால் கட்டினால் ஒரு பத்து. அப்படிப் பத்துக் கட்டைச் சேர்த்துப் பெரிய கட்டாகக் கட்டினால் ஒரு நூறு. 402 என்றால் நான்கு பெரிய கட்டும் இரண்டு தனி ஈர்க்கிலும். சின்னக் கட்டு ஒன்றும் இல்லை. அந்த "ஒன்றும் இல்லை" என்பதைத்தான் நடுவில் இருக்கும் பூச்சியம் சொல்கிறது.

"இதுல இருந்து 178 எடுங்க மகள். முதல்ல எட்டு ஈக்கில் தாங்க."

"ரெண்டுதானே இருக்கு."

"அப்ப என்ன செய்வீங்க?"

யோசித்தார். சின்னக் கட்டு இல்லை. ஒரு பெரிய கட்டை எடுத்து அவிழ்த்தார். உள்ளே பத்துச் சின்னக் கட்டுகள். அதில் ஒன்றை அவிழ்த்தார். பத்து ஈர்க்கில் கையில் வந்தது. முன்னம் இருந்த இரண்டோடு பன்னிரண்டு. மேசையில் இப்போது என்ன இருக்கிறது? மூன்று பெரிய கட்டு, ஒன்பது சின்னக் கட்டு, பன்னிரண்டு ஈர்க்கில். அப்படியே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஒன்பது இப்பிடியா ரீச்சர் வந்த?"

ஓம், இப்படித்தான் வந்தது. பத்துக் கட்டில் ஒன்றை அவிழ்த்ததால் மிச்சம் ஒன்பது. யாரிடமும் கடன் வாங்கவில்லை. 402 ஈர்க்கிலும் மேசையிலேயே இருக்கின்றன, கட்டு மட்டும் மாறியிருக்கிறது. பிறகு பன்னிரண்டில் எட்டு, ஒன்பது கட்டில் ஏழு, மூன்று பெரிய கட்டில் ஒன்று என்று எடுத்து வைத்தார். மிச்சம் 224.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் இடமும் வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முதல், பக்கத்து ஒழுங்கையில் உள்ள கடையில் கொப்பிக்குச் சாமான் எடுத்து வந்திருக்கிறார். ஒருநாள் ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றும் ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்றும் கொடுத்திருக்கிறார். கடையில் நின்ற மகன் காசை வாங்கிக் கொப்பியில் எழுதியிருக்கிறான். ஆயிரத்து ஐந்நூறு என்பதை 1050 என்று எழுதிவிட்டான். இவரும் கொப்பியைப் பார்த்துத்தான் இருக்கிறார். "ஒண்டு, அஞ்சு, பூச்சியம் எல்லாம் இருந்திச்சி ரீச்சர். சரி எண்டு நினைச்சன்."

மாதக் கடைசியில் கடைக்காரர் செலுத்திய காசை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது 450 ரூபா குறைகிறது. இவர் கொடுத்தேன் என்கிறார். அவர் கொப்பியில் இல்லை என்கிறார். வார்த்தை தடித்து, ஒரு கட்டத்தில் "கள்ளம்" என்ற சொல்லும் வந்துவிட்டது. இவர் வீட்டுக்குப் போய் 450 ரூபாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதோடு இரண்டு குடும்பமும் கதை இல்லை. நோன்புப் பெருநாளைக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

அடுத்த நாள் அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்த வரியைப் பார்த்தோம். முன்னைய பாக்கி 4250. செலுத்தியது 1050. அதற்குப் பக்கத்தில் மிச்சம் 2750.

நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். 4250 இல் 1050 போனால் 3200. 1500 போனால்தான் 2750. ஆக, அந்தப் பிள்ளை மனதில் சரியாகக் கழித்திருக்கிறான், எழுதும்போதுதான் ஐந்தையும் பூச்சியத்தையும் இடம் மாற்றிவிட்டான். உண்மை அந்த வரியிலேயே இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. கடைக்காரரும் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. எழுதிய பிள்ளையும் என்னிடம் படித்தவன்தான். யாரைக் குறை சொல்வது?

இதைத்தான் இடப்பெறுமானம் என்கிறோம். கொப்பியில் ஒரு பாடத்தின் பெயர். ஒரு இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப அதன் பெறுமானம் மாறும். 1500 இல் உள்ள ஐந்து ஐந்நூறு. 1050 இல் உள்ள அதே ஐந்து ஐம்பது. வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் ஒரு இடம் தள்ளினால் பத்து மடங்கு. சொல்ல ஒரு வரிதான். ஆனால் பிள்ளைக்கு இது லேசான விடயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தரம் 2, 3 பிள்ளையிடம் "நூற்றி ஐந்து எழுது" என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் 1005 என்று எழுதுவார்கள். நாம் உடனே "மொக்கு" என்று ஏசுவோம். பிள்ளை காதில் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. நூறு என்று கேட்டது, 100 எழுதியது. ஐந்து என்று கேட்டது, 5 எழுதியது.

இன்னொரு விடயம். நம் முன்னோரும் கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி உண்டு. நூற்றி ஐந்து என்றால் ௱௫. நூறு, ஐந்து. அவ்வளவுதான், பூச்சியம் தேவையே இல்லை. அரபியில் அப்ஜத் கணக்கும் அப்படித்தான். அலிஃபுக்கு 1, பேக்கு 2, காஃபுக்கு 20, றேக்கு 200 என்று எழுத்துக்கு எழுத்து ஒரு பெறுமானம். கடைகளிலும் வாகனங்களிலும் 786 என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதிலுள்ள எழுத்துகளின் பெறுமானத்தைக் கூட்டி எடுத்த தொகை அது. அப்படி எழுதுவது சரியா பிழையா என்பதை உலமாக்களிடம் விடுகிறேன். நான் சொல்ல வருவது கணக்கை மட்டும். அந்த முறையில் ஒரு எழுத்து எங்கே நின்றாலும் அதன் பெறுமானம் மாறாது.

இடத்தை வைத்துப் பெறுமானம் சொல்லும் முறையும், வெறும் இடத்தைக் காட்ட ஒரு பூச்சியமும் இந்தியாவில் வளர்ந்தவை. 628 ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் பூச்சியத்தையும் ஒரு எண்ணாக எடுத்து, அதைக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதினார். 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில், கலீபா மஃமூனின் காலத்தில், அல்குவாரிஸ்மி இந்த இந்தியக் கணக்கு முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதன் அரபு மூலம் இன்று இல்லை, லத்தீன் வடிவம்தான் மிஞ்சியிருக்கிறது. அல்கோரிதம் என்று இன்று கம்பியூட்டர் படிக்கும் பிள்ளைகள் சொல்லும் சொல் அவரின் பெயரில் இருந்து வந்தது. பூச்சியத்தை அரபியில் "ஸிஃப்ர்" என்றார்கள். வெறுமை என்று அர்த்தம். ஐரோப்பாவின் சீரோ என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததுதான். வட ஆபிரிக்காவில் வளர்ந்து இந்தக் கணக்கைப் படித்த பீசா நகரத்து லியோனார்டோ 1202 இல் எழுதிய நூல் அதை ஐரோப்பிய வியாபாரிகளிடம் கொண்டு போய்ச் சேர்த்தது.

பெரிய பெரிய நாகரிகங்கள் பல நூற்றாண்டு எடுத்து வந்து சேர்ந்த இடத்துக்கு, எட்டு வயதுப் பிள்ளை ஒரு தவணையில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் ஏசுகிறோம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிறார்கள். அங்கே எழுத்து வலமிருந்து இடம். ஆனால் இலக்கம் மட்டும் பாடசாலையைப் போலவே, பெரிய இடம் இடப்பக்கத்தில். சூரா யாஸீனின் கடைசி ஆயத்து 83. எழுத்தை வாசித்துக்கொண்டு வந்த வேகத்தில் அதை 38 என்று வாசித்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். அதுபோக, அரபு ஐந்து வட்டமாக நம் பூச்சியத்தைப் போல் இருக்கும். அரபுப் பூச்சியம் ஒரு புள்ளிதான். ஐம்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை பூச்சியம் என்று சொன்னால் அது மூளை இல்லாத பிள்ளை இல்லை. இரண்டு முறையையும் ஒரே நாளில் சுமக்கிற பிள்ளை. மத்ரஸா ஹஸ்ரத்மாரும் நாங்களும் இதைப் பற்றி ஒருநாள் இருந்து கதைத்தால் நல்லது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ரியூசனுக்கு அனுப்ப முதல் இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, காசு. நம் நாட்டுக் காசில் ஒரு ரூபா, பத்து ரூபா, நூறு ரூபா, ஆயிரம் ரூபா நான்கும் உண்டு. இடப்பெறுமானத்துக்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை. ஒரு ரூபாக் குற்றி இப்போது கிடைப்பது கஷ்டம், அதற்குப் புளியங்கொட்டையை வையுங்கள். மற்றதைக் கடதாசியில் வெட்டி எழுதலாம். "235 ரூபா தாங்க" என்று கேளுங்கள். பிறகு "நூறு ரூபாத் தாள் முடிஞ்சி போச்சி, பத்து ரூபாவாவே 230ஐத் தாங்க" என்று கேளுங்கள். பிள்ளை இருபத்து மூன்று பத்து ரூபாவை எண்ணி வைக்கும். அந்த இடத்தில்தான் விளக்கம் பிறக்கும்.

இரண்டாவது, ஒரு கேள்வி. "402 இல் எத்தனை பத்து இருக்கிறது?" அநேகமான பிள்ளைகள் பூச்சியம் என்பார்கள். பத்தினிடத்தில் நிற்கும் இலக்கம் பூச்சியம்தான். ஆனால் 402 ரூபாவை மாற்றினால் நாற்பது பத்து ரூபா கிடைக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கிய பிள்ளைக்குக் கழித்தலில் மட்டுமில்லை, வகுத்தலிலும் பயம் இருக்காது.

மூன்றாவது, "பத்தால் பெருக்கினால் பின்னால் பூச்சியம் போடு" என்று குறுக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். 25 க்கு அது சரிவரும். பெரிய வகுப்பில் 2.5 ஐப் பத்தால் பெருக்கச் சொன்னால் 2.50 என்று எழுதிக் கொண்டுவந்து நிற்பார்கள். "ஒவ்வொரு இலக்கமும் ஒரு இடம் பெரிசாகுது" என்று சொல்லுங்கள். தசம் வந்தாலும் அது பிழைக்காது. தையல் வேலை செய்யும் தாய்மாருக்குத் தெரியும், 2.5 மீற்றர் துணிக்கும் 2.05 மீற்றர் துணிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று.

நான்காவது, பிழையான விடையைக் கண்டவுடன் வெட்ட வேண்டாம். "இத எப்பிடிச் செஞ்ச?" என்று கேளுங்கள். பிள்ளையின் பிழைக்குள்ளே ஒரு காரணம் இருக்கும். 376 என்று எழுதிய மகன் பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்ற ஒரு விதியைத் தானாகவே உண்டாக்கி, அதைத் தவறாமல் பின்பற்றியிருக்கிறான். அதைக் கேட்டுத் தெரிந்தால்தான் திருத்தலாம்.

பாஸ்ட் பேப்பர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் அதுவும் செய்வோம், இன்ஷா அல்லாஹ். ஆனால் ஈர்க்கில் கட்டு முதல்.

அந்தக் கொப்பிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்த உம்மாவும் அவரின் கணவரும் நானும் அசருக்குப் பிறகு கடைக்குப் போனோம். நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவரே கொப்பியை மேசையில் விரித்து, 4250 இல் இருந்து 1050 ஐக் கழித்துக் காட்டினார். பிறகு 1500 ஐக் கழித்துக் காட்டினார். கடைக்காரர் இரண்டு தரம் தானாகச் செய்து பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து நாலு நூறு ரூபாத் தாளும் ஒரு ஐம்பது ரூபாத் தாளும் எடுத்து வைத்து, "மன்னிச்சிக்கங்க தங்கச்சி" என்றார். உள்ளே இருந்து அவரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். யாரும் கனக்கக் கதைக்கவில்லை. காசு திரும்பி வந்துவிட்டது. போன இரண்டு வருடம் வராது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்து எது என்று நம்மில் அநேகருக்குத் தெரியும். குர்ஆனிலேயே நீளமான ஆயத்து அதுதான். சூரா அல்பகறா, 282. எழுதத் தெரிந்தவர் நீதியாக எழுத வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்த எழுத்துக்குள் இலக்கமும் அடக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். நீதியாக எழுத மனது மட்டும் காணாது, இலக்கத்தை அதன் இடத்தில் வைக்கவும் தெரிய வேண்டும்.

இன்று இரவு பிள்ளையிடம் அந்த 282 ஐ எழுதிக் காட்டி, "இதுல ரெண்டு ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு இரண்டு இருநூறு, மற்றது வெறும் இரண்டு என்று பிள்ளை சொன்னால் அல்ஹம்துலில்லாஹ். சொல்லாவிட்டால் ஏச வேண்டாம். கொல்லைக்குள் போய் ஒரு தென்னோலையைக் கிழியுங்கள். ஈர்க்கிலுக்குப் பஞ்சம் இல்லாத ஊர் நம்முடையது.

பிள்ளையின் பதிலைக் கீழே எழுதுங்கள். தேவையானவர்களுக்குப் பகிர்ந்து விடுங்கள். எனக்காகவும் துஆச் செய்யுங்கள், இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு "அது அப்பிடித்தான்" என்று சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.

வஸ்ஸலாம்.